பானைக்காரிகள் தாங்கிய கோபுரம்

மாட்ரிட்டில் அதிவேக ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் செவியா வந்துவிடும். இறங்கும் நிலையத்துக்குப் பெயர் சாந்தா ஹுஸ்தா. 1992இல் இந்த ஊரில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டி ஸ்பெயின் போட்ட முதல் அதிவேகப் பாதை முடிகிற இடம் இது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், காப்பிக்கடை என்று உள்ளே எல்லாம் எந்த நிலையத்திலும் இருப்பதுதான். ஆனால் பெயருக்கு உரியவள் 3ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் மண்பாண்டம் விற்றவள். புனித ஹுஸ்தாவும் தங்கை ருஃபினாவும் செவியாவின் பாதுகாவலிகள். நாட்டின் முதல் அதிவேக ரயில் ஒரு சட்டிபானைக்காரியின் பெயரில் வந்து நிற்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். நான் வந்ததும் அந்தச் சகோதரிகளைப் பார்க்கத்தான். 1660களில் பர்த்தொலொமே எஸ்தெபான் முரியோ அவர்களை வரைந்த படம் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கதை இதுதான். ரோமானியர் ஆண்ட காலம்; ஊருக்கு அப்போது ஹிஸ்பாலிஸ் என்று பெயர். கிறிஸ்தவர்களான இரு சகோதரிகள் மண்பாண்டம் விற்றுப் பிழைக்கிறார்கள், மிஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஊரில் அதோனிஸ் திருவிழா வருகிறது. சிலையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பூசைக்குப் பாத்திரம் கேட்கிறார்கள். இவர்கள் தர மறுக்கிறார்கள். கூட்டம் கடையில் இருந்த பாண்டங்களையெல்லாம் போட்டு உடைக்கிறது. பதிலுக்கு இவர்கள் சிலையைத் தள்ளி உடைத்துவிடுகிறார்கள். ஆளுநர் தியோகெனியானோ இருவரையும் சிறையில் போட்டு வதைக்கிறான், சியர்ரா மொரேனா மலைவரை வெறுங்காலோடு நடத்துகிறான். ஹுஸ்தா சிறையிலேயே இறந்துபோகிறாள். உடலைக் கிணற்றில் எறிகிறார்கள். ருஃபினாவைச் சிங்கத்தின் முன்னால் விடுகிறார்கள். சிங்கம் தொடவில்லை. பிறகு மனிதர்களே கொன்றார்கள். ஆண்டு 287 என்கிறது மரபு. ஜூலை 17 திருநாள்.

கத்தோலிக்க மரபின் கன்னி மறைசாட்சிகளை வரிசையாக எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் உயர்குடிப் பெண்கள். ஆக்னெஸ், அகத்தா, லூசியா, சிசிலியா, பார்பரா என்று அவர்கள் கதைகளில் வில்லங்கம் ஆரம்பிப்பது கல்யாணப் பேச்சில். மணக்க மறுத்தவர்கள், அல்லது காதலிக்க மறுத்தவர்கள். இவர்கள் இருவரும் வியாபாரத்துக்கு மறுத்தவர்கள். "உனக்கு விற்க மாட்டேன்" என்று ஒரு கடைக்காரி சொன்னதில் ஆரம்பித்த புனிதம். செவியா போன்ற வணிக நகரம், அமெரிக்க வெள்ளி வந்து இறங்கிய துறைமுகம், தன் பாதுகாவலிகளாக இவர்களை வைத்துக்கொண்டது வேடிக்கைதான்.

நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் சலேசியர்களின் கோயில் ஒன்று இருக்கிறது. அதற்கு அடியில் உள்ள நிலவறைகளைச் சகோதரிகள் அடைபட்டிருந்த சிறை என்று ஊர் நம்புகிறது. இன்னும் சற்று வடக்கே, பழைய நகரச் சுவருக்கு வெளியே, கப்புச்சின் துறவிகளின் மடம். சகோதரிகளுக்காக எழும்பிய பழங்கோயிலின் மேல்தான் இந்த மடம் நிற்கிறது என்பது அடுத்த நம்பிக்கை. கப்புச்சின்கள் 1627இல் இங்கே வந்தார்கள். தங்கள் கோயிலுக்குப் படங்கள் வேண்டும் என்று முரியோவிடம் கேட்டார்கள். அவர் 1665க்கும் 1669க்கும் இடையில் வரைந்து கொடுத்தார். பெரிய பீடத்துக்கும் பக்கப் பீடங்களுக்குமாக ஒரு கோயில் நிறைய முரியோ. பெரிய பீடத்தில் ஒரு பக்கம் ஆயர் லெயாந்த்ரோவும் புனித பொனவெந்தூராவும், மறு பக்கம் இந்தச் சகோதரிகள். மண்ணுக்கு உரியவர்களை மண்ணின் மேலேயே நிறுத்திவைத்த மாதிரி. மடம் இன்றும் துறவிகள் கையில்தான் இருக்கிறது. முரியோக்கள் மட்டும் அங்கே இல்லை.

அவை இருப்பது ஊரின் இன்னொரு பக்கம், நுண்கலை அருங்காட்சியகத்தில். அதுவும் ஒரு பழைய மடம்தான், மெர்சேத் சபையாருடையது. 1835இல் மெந்திசாபல் அமைச்சராக இருந்தபோது அரசு மடங்களைக் கலைத்துச் சொத்தைப் பறிமுதல் செய்தது. படங்களையெல்லாம் கொண்டுவந்து குவிக்க ஓர் இடம் தேவைப்பட்டது. வாசலில் பிரமாண்டமான ஆலமர வகைகளின் நிழல், நடுவில் முரியோவின் சிலை. ஞாயிறு காலையில் உள்ளூர் ஓவியர்கள் அவர் காலடியிலேயே படம் பரப்பி விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கு உள்ளே இலவசம். என் பாஸ்போர்ட்டுக்கு ஒன்றரை யூரோ. அந்தக் காசுக்கு இவ்வளவு கிடைக்கிற இடம் ஐரோப்பாவில் அதிகம் இருக்காது.

முற்றங்களைக் கடந்தால் பழைய கோயில். கூரை ஓவியங்கள் அப்படியே இருக்கின்றன. பலிபீடம் இருந்த பக்கம் நிறைய முரியோ தொங்குகிறார். அதாவது, கோயிலில் இருந்து பறித்த படங்களைக் கோயிலாக இருந்த கட்டடத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஜெபிக்க மண்டியிடும் பலகைகள் மட்டும் கிடையாது. ஒரு வயதான பெண்மணி படத்தைப் பார்த்துச் சட்டென்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற காவலர் அதைக் கண்டுகொள்ளவில்லை. தினமும் நடக்கும் போலிருக்கிறது.

ஹுஸ்தாவும் ருஃபினாவும் இருக்கும் படம் 2 மீட்டர் உயரம், 1.76 மீட்டர் அகலம். இரண்டு இளம்பெண்கள் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். அரசகுமாரிகள் இல்லை, முகங்கள் தெருவில் பார்க்கிற முகங்கள். இருவருக்கும் நடுவில் செவியாவின் பேராலய மணிக்கூண்டு, ஹிரால்தா. சுமார் 100 மீட்டர் உயரமான அந்தக் கோபுரம் படத்தில் அவர்கள் கைக்கு அடங்குகிற அளவு. சந்தைக்குக் கொண்டுவந்த உயரமான ஜாடி ஒன்று சாய்ந்துவிடாமல் இருவரும் ஆளுக்கொரு கை கொடுத்துப் பிடித்திருப்பது போல இருக்கிறது. காலடியில் அவர்களுடைய சரக்கு: கிண்ணங்கள், குடுவைகள்.

நான் நெடுநேரம் நின்றது அந்தச் சரக்கின் முன்னால். முரியோவை எனக்கு அவ்வளவு பிடிக்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய மேகங்களும் குழந்தைச் சம்மனசுகளும் பின்னால் காலண்டர்களிலும் சாக்லெட் பெட்டிகளிலும் எவ்வளவோ முறை அச்சாகிவிட்டதால் அசல் கூட நகல் மாதிரித் தெரிகிறது. இங்கேயும் முகங்களில் அந்த மென்மை உண்டு. ஆனால் பார்வை கீழே இறங்கினால் ஓவியர் வேறு ஆளாகிவிடுகிறார். பாண்டத்தின் விளிம்பில் விழுகிற வெளிச்சத்துக்கு ஒரு கனமான தூரிகை வீச்சு. அது கண்ணாடிப் பூச்சா வெறும் சுட்ட மண்ணா என்று தொட்டுப் பார்க்காமலே தெரிகிறது. வயிறு எங்கே அகலும், கழுத்து எங்கே ஒடுங்கும் என்பதில் தடுமாற்றம் இல்லை. கையில் எடுத்துப் பழகியவன் வரைந்த பானை. மேலே வானத்தில் எதை வரைந்தாலும் யாரும் சரிபார்க்க முடியாது. கீழே இருக்கிற பானையை மடத்துக்கு வரும் ஒவ்வொரு பெண்ணும் சரிபார்ப்பாள். அவள் வீட்டில் அதுதான் இருக்கிறது. படத்தின் நம்பகம் முழுவதையும் முரியோ அந்தத் தரையில்தான் வைத்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

அந்த ஊர் அப்போது இருந்த நிலையையும் நினைக்க வேண்டும். 1649இல் கொள்ளைநோய் செவியாவில் ஏறக்குறையப் பாதிப் பேரைக் கொண்டுபோயிற்று. ஆற்றில் மணல் ஏறி, அமெரிக்க வணிகம் மெல்லக் கடற்கரைக்கு, காதிசுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. கப்புச்சின் கோயிலுக்கு வந்தவர்களில் பலர் வீட்டில் இழவு கண்டவர்கள். அவர்களுக்கு முன்னால் வதைக்கருவிகளையும் ரத்தத்தையும் வைக்காமல், கடைச் சரக்கையும் ஊர்க் கோபுரத்தையும் பத்திரமாகப் பிடித்திருக்கும் இரண்டு பெண்களை வைத்தார் முரியோ. சிங்கம் இல்லை, சிறை இல்லை. மறைசாட்சிகள் என்று காட்ட ஓலை மட்டும்.

பக்கத்துக் கூடங்களில் இதற்கு நேர்மாறான புனிதைகள் இருக்கிறார்கள். ஐந்து காயங்கள் மருத்துவமனைக்காக ஃப்ரான்சிஸ்கோ த சுர்பரானின் பட்டறையில் செய்த எட்டுப் படங்கள்: தொரோத்தேயா, மரீனா, கத்தலீனா, பார்பரா, எங்க்ராசியா என்று ஒவ்வொருத்தியும் பட்டும் சரிகையும் உடுத்திப் பவனியில் நடப்பவள் மாதிரி. (அந்த மருத்துவமனைக் கட்டடத்தில் இப்போது அந்தலூசியா நாடாளுமன்றம் கூடுகிறது, வதைபட்டவர்களுக்குப் பதில் பேசுபவர்கள்.) சுர்பரானுக்குத் துணியின் மடிப்பு தெரியும், அதன் விறைப்பு தெரியும், அந்தப் பட்டைக் கண்ணால் தடவலாம். அழகில் அவை முரியோவுக்கு மேல் என்பேன். ஆனாலும் அந்தப் புனிதைகள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, யாருக்கும் எதுவும் தருவதில்லை. நடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

திரும்ப முரியோவிடம் வந்து கோபுரத்தைப் பார்த்தேன். ஹிரால்தாவின் கதையே தனி. அது பள்ளிவாசலின் மினாராக 1184இல் தொடங்கி 1198இல் முடிந்தது. உள்ளே படிகள் இல்லை. பாங்கு சொல்பவர் குதிரையிலேயே மேலே போகும்படி 35 சரிவுத் தளங்கள். கிறிஸ்தவர்கள் ஊரைப் பிடித்த பிறகு பள்ளிவாசலை இடித்தார்கள், மினாரை இடிக்கவில்லை. 1504ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று பெரிய நிலநடுக்கம் வந்தது. கோபுரம் விழவில்லை. ஹுஸ்தாவும் ருஃபினாவும் வானத்திலிருந்து இறங்கி இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள் என்றது ஊர். ஆக, சிலையை உடைத்ததற்காகச் செத்த இரண்டு கிறிஸ்தவப் பெண்கள், முஸ்லிம்கள் கட்டிய மினாரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். செவியாக்காரர்களுக்கு இதில் எந்த முரண்பாடும் தெரிவதில்லை. கோபுரம் எங்களுடையது, பெண்களும் எங்களுடையவர்கள், அவ்வளவுதான்.

இங்கே முரியோ ஒரு பொய் சொல்கிறார். அவர் படத்திலுள்ள கோபுரத்தின் தலையில் மணி மாடமும் அதன் உச்சியில் காற்றுக்குச் சுழலும் வெண்கலப் பெண்ணுருவமும் இருக்கின்றன. எர்னான் ருயிஸ் அந்த மாடத்தைக் கட்டியது 1558க்கும் 1568க்கும் இடையில். 1504இல் சகோதரிகள் தாங்கியிருந்தால் அது மொட்டை மினாராகத்தான் இருந்திருக்கும். பேராலயத்துக்குப் போனால் இதை நேரிலேயே ஒப்பிடலாம். அங்கே நற்செய்தியாளர்கள் சிற்றாலயத்தில் எர்னாந்தோ த எஸ்தூர்மியோ 1555இல் வரைந்த பலகைகள் இருக்கின்றன. அவற்றில் இதே சகோதரிகளும் இதே கோபுரமும், மணி மாடம் வருவதற்கு முன் இருந்த உருவில். சிற்றாலயம் கொஞ்சம் இருட்டு, கம்பிக் கதவு வேறு. தலையைச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. மினாரின் பழைய தலை எப்படி இருந்தது என்று அறியக் கட்டடக்கலை வரலாற்றாளர்களே இந்தப் பக்திப் படத்தைத்தான் நாடுகிறார்கள். முரியோவுக்கு அந்தக் கவலை இல்லை. ஜெபிக்க வருபவன் தன் தலைக்கு மேலே தினமும் பார்க்கிற கோபுரம்தான் அவருக்கு வேண்டும். பொய் என்றாலும் காரியத்துக்கு உதவுகிற பொய்.

அதே பேராலயத்தின் பூசைப்பாத்திர அறையில் ஓவியர் கோயாவின் படத்திலும் இதே சகோதரிகள். 1817இல், எழுபதைத் தாண்டிய வயதில், செவிப்புலன் போய் வெகுகாலம் ஆன பிறகு வரைந்தது. காலடியில் உடைந்த சிலை, ருஃபினாவின் பாதத்தை நக்கும் சிங்கம், பின்னால் ஹிரால்தா, கைகளில் பாத்திரங்கள். கதையில் உள்ள எல்லாம் இருக்கிறது. கண்கள் மேலே ஏறியிருக்கின்றன. எனக்கு அந்த ஏற்றம் மேடையில் நிற்பவர்களின் ஏற்றமாகத் தெரிந்தது. போரின் கொடூரத்தைச் செதுக்கியவரிடம் பக்தி கேட்டால் இப்படித்தான் வரும். சிங்கம் மட்டும் அருமை. சாந்தா க்ரூஸ் பக்கம் வெனராப்லெஸ் கட்டடத்தில் இன்னொரு ருஃபினா தனியாக இருக்கிறாள், இளம் வெலாஸ்கெஸ் வரைந்ததாகச் சொல்லப்படுபவள். 2007இல் லண்டன் ஏலத்தில் 84 லட்சம் பவுண்டுக்கு எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வெலாஸ்கெஸ்தானா என்பதில் எல்லா வல்லுநர்களும் ஒத்துப்போகவில்லை. கையில் பாத்திரமும் ஓலையும் வைத்துக்கொண்டு, விலை கேட்டால் சொல்வேன் என்பது போன்ற பார்வையோடு நிற்கிறாள். எனக்கு அவள் பேரில் எந்தச் சந்தேகமும் இல்லை, யார் வரைந்திருந்தாலும்.

சகோதரிகள் நிலநடுக்கத்திலிருந்து கோபுரத்தைக் காப்பாற்றினார்கள். அவர்கள் படத்தைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து காப்பாற்றியது கப்புச்சின்களின் முன்யோசனை. 1810 பிப்ரவரியில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் சுல்த் செவியாவுக்குள் நுழைந்தார். மடங்களிலிருந்து பிடுங்கிய நூற்றுக்கணக்கான படங்களை அல்காசர் அரண்மனையில் அடுக்கினார்கள். நல்லவற்றை சுல்த் தன் சொந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டார். வெனராப்லெஸில் இருந்த முரியோவின் அமலோற்பவ மாதா அப்படித்தான் போனாள். சுல்த் இறந்தபின் 1852இல் நடந்த ஏலத்தில் லூவ்ர் அவளை 6 லட்சம் பிராங்குக்கு மேல் கொடுத்து வாங்கியது. 1941இல்தான் ஸ்பெயினுக்குத் திரும்பினாள், அதுவும் மாட்ரிட்டுக்கு. கப்புச்சின்களோ படை வருவதற்குள் தங்கள் முரியோக்களைக் கழற்றி ஆங்கிலேயர் கையில் இருந்த ஜிப்ரால்டருக்கு அனுப்பிவிட்டார்கள். போர் முடிந்து திரும்பி வந்தபோது கான்வாஸ்களுக்கு மராமத்து வேண்டியிருந்தது, கையில் காசில்லை. பெரிய பீடத்தின் நடுப்படத்தையே மராமத்து செய்த ஓவியருக்குக் கூலியாகக் கொடுத்தார்கள். அது கைமாறிக் கைமாறிக் கொலோன் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2016இல் பத்தாண்டுக் கடனாக செவியாவுக்கு வந்து, 2017 இறுதியில் முரியோ பிறந்த 400ஆம் ஆண்டுக் கண்காட்சியில் பழைய கூட்டாளிகளோடு தொங்கியது. கும்பிட வரைந்த படம் கூலியாகவும் ஆனது, கடனாகவும் ஆனது. பானை விற்றவர்களின் பீடத்துக்கு இது ஒன்றும் பொருந்தாத விதி இல்லை.

மாலையில் இசபெல் பாலத்தைத் தாண்டி த்ரியானாவுக்குப் போனேன். குவாதல்கிவீரின் அக்கரை. சகோதரிகள் இந்தப் பக்கத்துக்காரர்கள் என்று த்ரியானா அடித்துச் சொல்லும். ஆற்றங்கரைக் களிமண்ணில் பல நூற்றாண்டு பாண்டமும் ஓடும் சுட்ட இடம். மண்பாண்டத் தொழில் என்றே பொருள்படும் அல்ஃபாரெரியா தெரு இன்னும் இருக்கிறது. 1500 வாக்கில் இத்தாலியிலிருந்து வந்த நிக்குலோசோ பிசானோ தட்டையான ஓட்டின் மேல் ஓவியம் போலவே வரையும் முறையைக் கொண்டுவந்தார். இங்கே சாந்தா அனா கோயிலில் அவர் செய்த 1503ஆம் ஆண்டுக் கல்லறை ஓடு உண்டு. சூளைகள் பெரும்பாலும் நின்றுபோயின. பழைய தொழிற்சாலை ஒன்றை 2014இல் மண்பாண்ட அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். கிணறு போல ஆழமான சூளைகளுக்குள் எட்டிப் பார்க்கலாம். கரியேறிய செங்கல், விறகு போடும் வாய், மேலே பாண்டம் அடுக்கும் அறை. சாயப்பொடி அரைத்த கல்லும் அங்கேதான். படத்தில் காலடியில் கிடந்த சரக்கு வெந்தது இப்படியொரு குழியில்தான்.

பக்கத்தில் வரிசையாக ஓட்டுக் கடைகள். சுவர் முழுக்கப் புனிதர்கள், காளைகள், வீட்டு எண்கள். ஹுஸ்தாவும் ருஃபினாவும் உள்ளங்கையகல ஓட்டிலிருந்து கதவு உயரம் வரை எல்லா அளவிலும் கிடைக்கிறார்கள். சின்னதாக ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நீலமும் மஞ்சளுமாக இரு பெண்கள், நடுவில் மணி மாடத்தோடு கோபுரம். காலடி வெறுமையாக இருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் கடைக்கார அம்மாவிடம் கேட்டேன்:

"இவர்களுடைய பானைகள் எங்கே?"

அவர் கண்ணாடியை இறக்கி ஓட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பானை அந்த அலமாரியில் இருக்கிறது, ஐயா. அதற்குத் தனி விலை."